அரசு ஆஸ்பத்திரி மாத்திரை: அதன் பின்னால் இயங்கும் விதிகள்

கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சர்க்கரை நோய் மாத்திரை வாங்க வருகிறவருக்கு இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கும். "இந்தாங்கம்மா, ஒரு மாசத்துக்கு இருக்கு" என்பது ஒன்று. "ஸ்டாக் இல்லை, வெளியில வாங்கிக்கோங்க" என்பது இன்னொன்று. முதல் பதில் கிடைத்தால் அன்றைய கூலி வீட்டுக்குப் போகும். இரண்டாவது கிடைத்தால் அது மருந்துக் கடைக்குப் போகும், அல்லது அந்த மாதம் மாத்திரையே நின்றுபோகும்.

எந்தப் பதில் கிடைக்கும் என்பது மருந்து கொடுக்கும் மருந்தாளுநரின் மனத்தில் இல்லை. சென்னையில் டெண்டர் எப்போது முடிந்தது, மாவட்டக் கிடங்கில் எத்தனை பெட்டி இருக்கிறது, பரிசோதனை அறிக்கை வந்ததா, கம்பெனிக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா என்பவற்றில்தான் அது இருக்கிறது. நோயாளி இந்த ஏற்பாடு எதையும் பார்ப்பதில்லை. ஆனால் அவருடைய உடல்நிலையும் வீட்டுச் செலவும் இதில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

நிர்வாக நடைமுறை ஒரு பொது நிறுவனத்தையும் மக்கள் வாழ்க்கையையும் எப்படி வடிவமைக்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே தெளிவான சான்று ஒன்று உண்டு. அது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். டி.என்.எம்.எஸ்.சி. என்ற எழுத்துகளால் மருத்துவமனை ஊழியர்கள் எல்லோருக்கும் தெரிந்த அமைப்பு. கம்பெனிச் சட்டத்தின்கீழ் 1994இல் பதிவு செய்யப்பட்டு, 1995 தொடக்கத்திலிருந்து அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வழங்கிவருகிறது. இதற்கு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஆர். பூரணலிங்கம் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி.

முன்பு என்ன சிக்கல்?

மருந்து வாங்கும் பொறுப்பு பல அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் சிதறிக் கிடந்தது. தனித்தனியாகச் சிறிய அளவில் வாங்கும்போது விலை கூடும். எங்கே எவ்வளவு இருக்கிறது என்ற மொத்தக் கணக்கு ஒருவரிடமும் இருக்காது. ஒரு மருத்துவமனையில் தேவைக்கு மேல் குவிந்த மருந்து காலாவதியாகிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து ஊர் மருத்துவமனையில் அதே மருந்து இல்லாமல் போகும். மேலிருந்து அனுப்பியதைக் கீழே வாங்கி வைத்துக்கொள்வதுதான் வழக்கம் என்றால், கேட்ட மருந்து வராது, கேட்காத மருந்து வந்து அடையும்.

இதைத் தனி மனிதர்களின் நேர்மைக் குறைவாக மட்டும் பார்த்தால் பிரச்சினை பாதிதான் புரியும். எவ்வளவு நேர்மையான மருத்துவ அலுவலரை அமர்த்தினாலும் இந்த முறையில் மருந்துத் தட்டுப்பாடு வரத்தான் செய்யும். அதனால் ஆளை மாற்றுவதோடு நிற்காமல், மருந்து வாங்கும் முறையையே மாற்றினார்கள். அந்த மாற்றத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

ஒன்று: எதை வாங்குவது?

சந்தையில் பல்லாயிரம் பிராண்டுகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை ஒரே வேதிப்பொருளின் வெவ்வேறு பெயர்கள். உலக சுகாதார நிறுவனம் 1977இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை முதன்முறையாக வெளியிட்டது. ஒரு நாட்டு மக்களின் பெரும்பாலான நோய்களைச் சில நூறு மருந்துகளால் கவனிக்க முடியும் என்பதே அதன் அடிப்படை. தமிழ்நாடும் அந்த வழியில் தனக்கான பட்டியலை வகுத்துக்கொண்டது. மருந்துகள் பிராண்டின் பெயரால் அல்லாமல் மூலப்பெயரால் வாங்கப்படுகின்றன.

பட்டியல் போடுவது அலுவலக வேலையாகத் தோன்றலாம். ஆனால் அதிகாரத்தின் இடமே இதனால் மாறுகிறது. பட்டியலில் இல்லாத பிராண்டை விற்பனைப் பிரதிநிதி எவ்வளவு புகழ்ந்தாலும் அரசுப் பணத்தில் எளிதாக வாங்க முடியாது. பட்டியலைத் திருத்த நிபுணர் குழு கூட வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். ஒருவருடைய விருப்பத்தில் இருந்த முடிவு பலர் அறிய எடுக்கப்படும் முடிவாகிறது.

இரண்டு: யாரிடம், என்ன விலைக்கு?

டெண்டரில் இரண்டு உறைகள் வாங்குகிறார்கள். முதல் உறையில் கம்பெனியின் தகுதி இருக்கும்: உற்பத்தி உரிமம், நல்ல உற்பத்தி நடைமுறைச் சான்று, சில ஆண்டு அனுபவம், விற்றுமுதல். இரண்டாவது உறையில் விலை. தகுதியில் தேறியவர்களின் விலை உறை மட்டுமே திறக்கப்படும். தயாரிக்கும் கம்பெனிகளும் நேரடி இறக்குமதியாளர்களுமே பங்கேற்கலாம் என்பதால் இடைத்தரகரின் பங்கு விலையில் ஏறுவதில்லை.

மிகக் குறைந்த விலை சொன்னவரிடமே முழு ஆர்டரையும் கொடுத்தால், அவர் தொழிற்சாலையில் ஒரு கோளாறு வந்தாலும் மாநிலம் முழுவதும் மருந்து நின்றுவிடும். அதனால் அந்த விலைக்கே தர ஒப்புக்கொள்ளும் மற்ற கம்பெனிகளுக்கும் ஆர்டரில் பங்கு போகிறது. இதனால் விலையும் குறைகிறது, வழங்கலும் ஒருவரை நம்பி நிற்பதில்லை.

மாநிலம் முழுவதற்கும் சேர்த்து மொத்தமாக வாங்குவதால், பல மாத்திரைகள் கடையில் அட்டையின் மேல் அச்சிட்ட விலையில் சிறு பங்குக்கே கிடைக்கின்றன. அதே பட்ஜெட்டில் இன்னும் பல நோயாளிகளுக்கு மருந்து கொடுக்க முடிகிறது.

மூன்று: தரத்தை எப்படி நம்புவது?

"இலவச மருந்து எங்கே வேலை செய்யப்போகிறது?" என்ற பேச்சு ஊரில் உண்டு. அதற்கு விளம்பரத்தால் பதில் சொல்ல முடியாது, பரிசோதனையால்தான் முடியும். மாவட்டக் கிடங்குக்கு மருந்து வந்ததும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும், அதாவது ஒவ்வொரு பேட்சிலிருந்தும், மாதிரி எடுக்கிறார்கள். அதில் கம்பெனியின் பெயரை மறைத்து, ஒரு குறியீட்டு எண்ணை இட்டுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புகிறார்கள். எந்தக் கம்பெனியின் மருந்தைச் சோதிக்கிறோம் என்று சோதிப்பவருக்குத் தெரியாது. அறிக்கை வந்து தேறிய தொகுதிதான் மருத்துவமனைக்குப் போகும். தேறாவிட்டால் திருப்பி அனுப்பப்படும். மீண்டும் மீண்டும் தவறும் கம்பெனி கறுப்புப் பட்டியலில் சேரும்.

யாரையும் சந்தேகிக்க வேண்டாம், யாரையும் கண்மூடி நம்பவும் வேண்டாம் என்ற நிலையை இந்தக் குறியீட்டு எண் ஏற்படுத்துகிறது. மாத்திரைகள் "அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல" என்ற அச்சோடு அட்டைகளில் வருவதற்கும் இந்த நம்பிக்கையில் பங்கு உண்டு. உதிரியாகக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் மருந்தின் பெயரோ காலாவதி நாளோ நோயாளிக்குத் தெரியாது. அட்டையில் எல்லாம் இருக்கும். களவு போய்க் கடைக்கு வந்தாலும் அந்த அச்சு காட்டிக்கொடுக்கும்.

நான்கு: எவ்வளவு, எந்த ஆஸ்பத்திரிக்கு?

நான்கில் மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் மதிப்புள்ள மருந்து என்று ஒதுக்கீடு உண்டு. அந்தத் தொகையை வரவு வைத்து ஒரு பாஸ்புக் கொடுக்கப்படுகிறது. வங்கிக் கணக்கில் பணம் எடுப்பதுபோல, மருத்துவமனை தன் மாவட்டக் கிடங்கிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். எடுத்த மருந்தின் மதிப்பு அதில் கழிக்கப்படும். கிடங்கில் கிடைக்காததையும் அவசரத் தேவையையும் உள்ளூரிலேயே வாங்க ஒரு சிறு பங்கு தனியாக விடப்படுகிறது.

எதை எடுப்பது என்ற முடிவு நோயாளியைப் பார்க்கும் இடத்துக்கே வந்துவிட்டது. வயல் சூழ்ந்த ஊரில் பாம்புக்கடி அதிகம் என்றால், அங்குள்ள மருத்துவர் பாம்பு விஷமுறிவு மருந்தைக் கூடுதலாக எடுத்து வைக்கலாம். முதியவர்கள் அதிகமுள்ள பகுதியில் பிரஷர் மாத்திரை கூடுதலாகப் போகலாம். பேரம் பேசுவதிலும் தரம் பார்ப்பதிலும் பெரிய அமைப்புக்குத்தான் பலம், அதனால் வாங்குவது ஒரே இடத்தில் நடக்கிறது. ஊரின் நோயை அறிந்தவர் அந்த ஊரில் இருக்கிறார், அதனால் தேர்ந்தெடுப்பது பல இடங்களில் நடக்கிறது. எதைக் குவிப்பது, எதைப் பரவலாக்குவது என்று பிரித்தறிந்ததில்தான் இந்த முறையின் அறிவு இருக்கிறது.

கிடங்குகள் கணினியால் இணைக்கப்பட்டிருப்பதால் ஒரு மாவட்டத்தில் மிஞ்சுவதை இன்னொரு மாவட்டத்துக்கு மாற்ற முடிகிறது. ஒரு மருந்து எந்த வேகத்தில் தீர்கிறது என்பது தலைமையகத்துக்குத் தெரிவதால், தீர்ந்துபோகும் முன்பே அடுத்த ஆர்டரைக் கொடுக்க முடிகிறது.

வீட்டில் என்ன மாறுகிறது?

இந்தியாவில் சிகிச்சைக்காகக் குடும்பங்கள் கையிலிருந்து செலவழிக்கும் பணத்தில் மருந்துச் செலவுதான் பெரும்பகுதி. ஒருமுறை அறுவைச் சிகிச்சைக்குக் கடன் வாங்குவது கண்ணுக்குத் தெரிகிற துயரம். மாதாமாதம் மாத்திரைக்குக் கரையும் பணம் அவ்வளவாகத் தெரிவதில்லை, ஆனால் ஆயுள் முழுவதும் நீடிக்கிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர் மாத்திரையை இடையிடையே விட்டால் வலி உடனே வராது. பக்கவாதமாகவோ சிறுநீரகச் செயலிழப்பாகவோ சில ஆண்டுகள் கழித்து வரும். அப்போது குடும்பமே சாய்ந்துவிடும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. வீட்டுக்கே போய்ப் பரிசோதித்து, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுக்கும் திட்டம் இது. வீட்டு வாசலுக்கு மாத்திரை போக வேண்டுமென்றால் அது முதலில் கிடங்கில் இருக்க வேண்டும். மேடையில் அறிவிக்கப்படும் திட்டங்கள், யாரும் கைதட்டாத இந்தக் கிடங்குக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன.

மற்ற மாநிலங்களுக்கு என்ன பாடம்?

கேரளம் 2007இல் இதே போன்ற கழகத்தை அமைத்தது. ராஜஸ்தான் 2011இல் கழகம் அமைத்து, அந்த ஆண்டு அக்டோபர் 2 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. கழகம் என்ற பெயரை ஒரே அரசாணையால் வைத்துவிடலாம். குறியீட்டு எண் போட்ட மாதிரி, நாள் தவறாத பணம், பாஸ்புக் கணக்கு ஆகியவற்றை வழக்கமாக்குவதற்கு ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும். நிறுவனம் என்பது கட்டடமும் பெயர்ப்பலகையும் அல்ல. அங்கே தினந்தோறும் தவறாமல் செய்யப்படுகிற காரியங்கள்தான் நிறுவனம்.

இந்த முறை எங்கே திணறும்?

நல்ல முறைக்கும் திணறும் இடங்கள் உண்டு. ஊசி மருந்துகளில் கிருமி இல்லை என்று உறுதிசெய்யும் சோதனைக்கே 14 நாள் வேண்டும். அந்த நாள்களுக்கு முன்கூட்டியே இடம் விட்டு ஆர்டர் போடாவிட்டால் தரச் சோதனையே தட்டுப்பாட்டுக்குக் காரணமாகிவிடும். அவசரம் என்று சோதனையைத் தவிர்த்தால் நோயாளிக்கு ஆபத்து. இரண்டுக்கும் தீர்வு முன்யோசனைதான்.

விலையை எல்லைக்கு மேல் அழுத்தினால் கம்பெனி இடையில் கைவிரித்துவிடும். பணம் கொடுக்கத் தாமதித்தால் நல்ல கம்பெனிகள் அடுத்த டெண்டருக்கு வரமாட்டா, வருபவர்களும் தாமதத்துக்கும் சேர்த்து விலை சொல்வார்கள். ஒதுக்கீடு பழைய கணக்கை வைத்தே போடப்பட்டால், நோயாளிகள் கூடிய மருத்துவமனையின் பாஸ்புக் ஆண்டு முடியும் முன்பே காலியாகும். மருந்தாளுநர் பணியிடம் காலியாக இருந்தால், வரவும் செலவும் சரியாகப் பதிவாகாது. பதிவு தவறினால் தலைமையகம் போடும் கணக்கும் தவறும். ஏதோ ஓர் ஊரின் மூலையில் நிரப்பப்படாத ஒரு பணியிடம் சென்னையின் டெண்டரைக் கோணலாக்கிவிடும்.

நாம் என்ன செய்யலாம்?

"மருந்து இல்லை" என்ற பதில் வந்தால், இல்லாத மருந்தின் பெயர் என்ன, எப்போது வரும், கிடங்கில் கேட்டாயிற்றா, உள்ளூர் கொள்முதல் தொகையில் வாங்க முடியுமா என்று மரியாதையோடு கேட்கலாம். அங்கே பதில் கிடைக்காவிட்டால் 104 என்ற அரசு சுகாதார உதவி எண் இருக்கிறது. அடிக்கடி இப்படி நடந்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம். இந்த மருத்துவமனைக்கு ஒதுக்கீடு எவ்வளவு, எவ்வளவு எடுக்கப்பட்டது, எந்தெந்த மருந்து எத்தனை நாள் இல்லாமல் இருந்தது என்று கேட்டால், 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டியது பொதுத் தகவல் அலுவலரின் கடமை. டெண்டர்கள் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்பதற்கும் தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இருக்கிறது.

கேள்வியை மருந்தாளுநரின் மேல் கோபமாகக் கொட்டுவதில் பயனில்லை. பெரும்பாலும் அவரும் இந்த வரிசையின் கடைசியில் நிற்பவர்தான். பட்டியலா, டெண்டரா, பரிசோதனையா, ஒதுக்கீடா, எந்தக் கண்ணி அறுந்தது என்று பார்த்து, அதற்குப் பொறுப்பானவரிடம் கேட்க வேண்டும். கிராம சபையில் ஒரு தீர்மானமாகவும் இதைக் கொண்டுவரலாம்.

தேர்தல் நேரத்தில் புதிய மருத்துவமனை எப்போது வரும் என்று கேட்கிறோம். இருக்கிற மருத்துவமனையின் பாஸ்புக்கில் போதிய தொகை வைத்தீர்களா, மருந்துக் கம்பெனிகளுக்கு நாள் தவறாமல் பணம் கொடுத்தீர்களா, மருந்தாளுநர் பணியிடங்களை நிரப்பினீர்களா என்றும் கேட்க வேண்டும். நல்ல நடைமுறையை உருவாக்க ஒரு தலைமுறை உழைத்திருக்கிறது. அது பழுதாவதற்கு யாரும் சதி செய்ய வேண்டியதில்லை, யாரும் கேள்வி கேட்காமல் இருந்தாலே போதும்.