பேரை வித்தாச்சு... கை இருக்கே!

சொந்தப் பேர்ல கடை போடக் கூடாதுன்னு யாராவது சொன்னா எப்படி இருக்கும்? இத்தாலியில் மூணு சகோதரர்களுக்கு அந்த நிலைமை. அவங்க குடும்பப் பேர்... மசெராட்டி!

அதே திரிசூல லோகோ மசெராட்டிதான் பாஸ்! 1914-ல் பொலோன்யா நகரில் அதை ஆரம்பித்தவர் அல்ஃபியேரி. அவர் 1932-ல் இறந்த பிறகு சகோதரர்கள் பிந்தோ, எத்தோரே, எர்னெஸ்தோ கம்பெனியை நடத்தினார்கள். ரேஸில் கப் வந்தது. கல்லாவில் காசு வரலை. 1937-ல் ஓர்சி என்ற தொழிலதிபரிடம் கம்பெனியைப் பேரோடு சேர்த்து விற்றார்கள். பத்து வருஷம் அங்கேயே வேலை பார்க்கணும்னு அக்ரிமென்ட் வேற!

1947-ல் அக்ரிமென்ட் முடிந்தது. பிந்தோவுக்கு அப்போ வயசு 64. ஈஸிசேர்ல சாயற வயசு. ஆனா, மூணு பேரும் பொலோன்யாவை ஒட்டிய சான் லாசரோவில் புதுசா பட்டறை போட்டார்கள். பேர் 'ஓஸ்கா'. முதல் காருக்கு 'எம்.டி.4'. 'எம்' எதுக்குன்னு நினைக்கிறீங்க? மசெராட்டி! '4', நாலு சிலிண்டர். வித்த பேரை ஒரே எழுத்துல திருப்பிக் கொண்டுவந்துட்டாங்க!

எல்லாமே கைவேலை. பாடிகூட பக்கத்துப் பட்டறைகளில் அலுமினியத் தகட்டைத் தட்டித் தட்டிச் செய்ததுதான். எம்.டி.4 மொத்தத் தயாரிப்பே நூறைத் தாண்டவில்லை.

1954. அமெரிக்காவில் செப்ரிங் 12 மணி நேர ரேஸ். எதிரே 3.3 லிட்டர் இன்ஜினோடு லான்சியா டீம். ஃபாஞ்சியோ, அஸ்காரினு உலக சாம்பியன்கள். ஓஸ்காவோ வெறும் 1.5 லிட்டர்! ஆனா, எடை கம்மி. எடை கம்மின்னா இன்ஜின், டயர், பெட்ரோல் எல்லாத்துக்குமே சுமை கம்மி. லான்சியாக்களில் பெரும்பாலானவை படுத்துவிட, ஓஸ்கா ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் பிரேக்கும் போச்சு! வண்டியைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டே வேகத்தைக் குறைத்தார் ஸ்டிர்லிங் மாஸ். அவரும் பில் லாய்டும் ஓட்டிய அந்தக் குட்டிக் காருக்குத்தான் முதலிடம்!

அப்புறம்? 1959-ல் ஓஸ்கா டிசைன் செய்த இன்ஜினை ஃபியட் தன் ஸ்போர்ட்ஸ் காரில் வைத்தது. ஆனால், கையால் செய்து கட்டுப்படியாகிற காலம் முடிந்துகொண்டிருந்தது. 1963-ல் பைக் ரேஸ் புகழ் எம்.வி.அகுஸ்டாவிடம் ஓஸ்காவும் கைமாறியது. 1967-ல் பட்டறைக்குப் பூட்டு.

ரெண்டு தடவை கம்பெனி கைவிட்டுப் போச்சு. ஆனா, முதல் தடவை பேரையே இழந்தவங்க, 64 வயசுல ஜீரோவிலிருந்து ஆரம்பிச்சாங்களே... அந்தக் கைத்தொழிலை எந்த அக்ரிமென்ட்டாலும் எழுதி வாங்க முடியலை. நமக்கு இன்னும் ஃபைனல் இயரே வரலை பாஸ்!