சாரத்தில் ஏறுமுன்

வீட்டுத்திட்டக் காசு தவணை தவணையாக உங்கள் வங்கிக் கணக்குக்கே வருகிறது. 2012 இல் வடக்கு, கிழக்கில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தைப் போல, மேசனைப் பிடிப்பதும் சாமான் வாங்குவதும் நீங்கள்தான். ஆகவே அவர் ஏறி நிற்கும் சாரத்தைக் கவனிப்பதும் உங்கள் பொறுப்பே.

யன்னல் மட்டம் வரை ஆபத்துக் குறைவு. முகட்டுச் சுவருக்கு ஏறும்போதுதான் கவனம் வேண்டும். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயலோரக் காணிகளில், அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குள், சாரத்தின் கால்மரம் ஒரே இரவில் புதையலாம். ஒவ்வொரு காலின் கீழும் அகலமான பலகைத் துண்டு வையுங்கள். செங்கல் வேண்டாம், பாரத்தில் வெடித்துவிடும்.

கயிற்றுக் கட்டையும் நம்பிவிடாதீர்கள். நனைந்து இறுகிய தும்புக் கயிறு காய்ந்ததும் தளரும். தினமும் காலையில், மேசன் ஏறுமுன், முடிச்சுகளை இழுத்துப் பாருங்கள். நிற்பதற்கு ஒற்றைப் பலகை போதாது. இரண்டு மூன்றைச் சேர்த்துப் போட்டு நுனிகளைக் கட்டுங்கள். இரண்டு பரல்களின்மேல் பலகை போடுவது (காசு மிச்சமென்று பலர் செய்வதுதான்) சாரமே அல்ல. கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகவே மேலே ஏற்றுங்கள்.

ஏணி 12 அடி உயரத்தில் சாய்ந்தால், அதன் அடி சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்கட்டும். வேலை முடிந்ததும் ஏணியை எடுத்துவிடுங்கள். பின்னேரத்தில் அதில் ஏறப்போவது பிள்ளைகள்.