பட்டறையும் பட்டமும்

"கல்லூரி மாணவனைத் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும் என்கிறீர்களே, இதைத்தானே ஆச்சாரியார் அன்றே சொன்னார்? அன்று எதிர்த்தீர்கள், இன்று வரவேற்கிறீர்களோ?" நண்பர்கள் சிலர் குறும்புப் புன்னகையோடு நம்மிடம் தொடுக்கும் கணை இது. குறும்பானாலும் கேட்க வேண்டிய கேள்விதான். விடை உண்டு நம்மிடம். ஆனால் விடை கூறுமுன், எந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை விளக்கிவிட வேண்டும்.

கூட்டுறவுக் கல்வி என்று அதற்குப் பெயர். கூட்டுறவு என்றதும் ரேஷன் கடையும் பால் சங்கமும் நினைவுக்கு வரும், அதுவல்ல இது. பல்கலைக் கழகமும் தொழிற்சாலையும் தோளோடு தோள் நின்று ஒரு பொறியாளனை உருவாக்கும் முறை.

அது பிறந்த ஊர், அமெரிக்க நாட்டுச் சின்சினாட்டி. லேத்தும் மில்லிங் இயந்திரமும் செய்வதிலே பேர்போன ஊர். ஹெர்மன் ஷ்னைடர் என்ற ஆசிரியர் அங்கு வருமுன் லீஹைப் பல்கலைக் கழகத்தில் பாடம் நடத்தியவர். அந்தக் கல்லூரிக்கு அருகிலேயே பெத்லகேம் எஃகு ஆலை. அதன் உலை கக்கும் நெருப்பைப் பார்த்தார் ஷ்னைடர். எந்தக் கல்லூரியும் விலைகொடுத்து வாங்க முடியாத ஆய்வுக்கூடம் அல்லவா பக்கத்திலே எரிந்துகொண்டிருக்கிறது என்று எண்ணினார் என்பார்கள். படித்துக்கொண்டே உழைத்த மாணவர்கள் பிற்காலத்தில் நல்ல பொறியாளர்களாகத் திகழ்ந்ததையும் அவர் கண்டார். ஏடு மட்டும் புரட்டியவனைவிட, ஏட்டையும் எந்திரத்தையும் தொட்டவன் தேர்ந்தவன் என்ற முடிவுக்கு வந்தார்.

சின்சினாட்டியில் திட்டத்தை வைத்தார். ஆட்சிக் குழுவினர் மாலையிட்டா வரவேற்றனர்? ஓராண்டு செய்து பாரும், தோற்றால் பொறுப்பு எங்களுடையதல்ல என்ற பொருளிலே தீர்மானம் போட்டுக் கொடுத்தார்களாம்! 1906 செப்டம்பரில் 27 மாணவர்களுடன் தொடங்கினார். இரண்டிரண்டு பேராக மாணவரைப் பிணைத்தார். இந்த வாரம் இவன் வகுப்பில், அவன் பட்டறையில். அடுத்த வாரம் அவன் வகுப்பில், இவன் பட்டறையில். ஆள் மாறுவான், ஆனால் பட்டறையில் அந்த இடம் ஒரு நாளும் வெறுமையாக இராது. முதலாளிக்கும் நட்டமில்லை, மாணவனுக்கும் கூலி கிடைத்தது. பொறுப்பு எங்களுடையதல்ல என்றார்களே, அதே பல்கலைக் கழகம் பின்னாளில் ஷ்னைடரையே தன் தலைவராக்கிக் கொண்டது!

அந்த விதை கனடாவிலும் முளைத்தது. ஒன்டாரியோ மாநிலத்தில் வாட்டர்லூ என்ற ஊர். நாட்டுக்குப் பொறியாளர் போதவில்லை என்று 1956இல் குரல் எழுப்பியவர் ஐரா நீடில்ஸ். பேராசிரியரல்லர், டயர் செய்யும் நிறுவனமொன்றின் தலைவர்! 1957 ஜூலையில், மாடமாளிகையில் அல்ல, தற்காலிகக் கொட்டகையில், 74 மாணவர்களுடன் வகுப்பு தொடங்கியது. இன்று வாட்டர்லூ பல்கலைக் கழகத்தில் இம்முறையில் பயில்வோர் 20,000 பேருக்கும் மேல்.

எப்படி நடக்கிறது அங்கே? ஆண்டை நான்கு நான்கு மாதமாக மூன்றாக வகுத்திருக்கிறார்கள். பொறியியல் மாணவன் நான்கு மாதமோ எட்டு மாதமோ படித்தபின் முதன்முதலாக வேலைக்குப் போகிறான். பிறகு படிப்பு, பிறகு வேலை. இப்படி எட்டுப் பருவம் படிப்பு, ஆறு பருவம் வேலை. மொத்தம் நான்கு ஆண்டு எட்டு மாதம். பட்டம் வாங்கும் நாளிலே அவன் கையில் இரண்டாண்டு அனுபவமும் இருக்கும். மாணவரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவு வகுப்பிலிருக்கும்போது மற்றொன்று வேலையிலிருக்கும்படி செய்கிறார்கள். ஷ்னைடரின் இரட்டை முறைதான், வாரத்துக்குப் பதில் நான்கு மாதம்.

வேலையைத் தேடித் தருவது யார் என்பதிலேதான் சூட்சுமம் இருக்கிறது. பல்கலைக் கழகமே அதற்கென அலுவலகம் வைத்திருக்கிறது. நிறுவனங்கள் தம் வேலைகளை அங்கே அறிவிக்கின்றன. மாணவன் விண்ணப்பிக்கிறான்; நேர்காணல் நடக்கிறது. முடிந்ததும், இந்த மாணவன் எங்களுக்கு முதலாவது, இவன் இரண்டாவது என்று நிறுவனம் வரிசையிடும். மாணவனும் சும்மாயிருப்பதில்லை. இந்த நிறுவனம் எனக்கு முதலாவது, இது மூன்றாவது என்று அவனும் வரிசையிடுவான்! இரண்டையும் பொருத்திப் பார்த்துக் கணினி இணை சேர்க்கும். இடையிலே அலுவலகத்திலிருந்து ஆலோசகர் ஒருவர் விசாரிப்பார், பையன் ஏதேனும் கற்கிறானா, கோப்பு தூக்குகிறானா என்று. பருவம் முடிந்ததும் மேலாளர் மதிப்பீடு எழுதுவார். மாணவனும் அறிக்கை தரவேண்டும். அங்கே தேறாவிட்டால் பட்டத்துக்கே இடையூறு.

கூலி? கூட்டுறவுக் கல்வி என்று பெயர் சூட்டிக் கொள்ள வேண்டுமானால் ஊதியம் தரப்பட வேண்டும் என்பதே கனடா நாட்டில் இத்துறைக்கு வகுத்துள்ள அளவுகோல். ஒன்டாரியோ அரசு, மாணவனை அமர்த்தும் நிறுவனத்துக்கு ஒரு பருவத்துக்கு 3,000 டாலர் வரை வரிச்சலுகை தருகிறது. எல்லாம் தேனும் பாலுமல்ல அங்கேயும். முதல் பருவத்தில் வேலை கிடைப்பது கடினம். நான்கு மாதத்துக்கு ஒருமுறை மூட்டை கட்ட வேண்டும், வீடு தேட வேண்டும். அந்த அலுவலகத்துக்கென மாணவனிடம் தனிக் கட்டணமும் வாங்குகிறார்கள். இருந்தும் மாணவர் கூட்டம் குறைந்தபாடில்லை.

இப்போது நண்பரின் கணைக்கு வருவோம். 1953இல் ஆச்சாரியார் கொண்டுவந்தது என்ன? சிற்றூர்ப் பிள்ளைக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள் என்றது அத்திட்டம். குயவன் மகன் சக்கரத்தருகே, வண்ணான் மகன் ஆற்றங்கரையிலே! யார் தேர்ந்தெடுத்த தொழில்? பிறப்பு தேர்ந்தெடுத்த தொழில். அதனால்தான் குலக்கல்வி என்று பெயரிட்டோம், கொதித்தெழுந்தோம். 1954இல் அது குழிக்குள் போயிற்று. வாட்டர்லூவிலே "உன் தகப்பன் என்ன தொழில்?" என்று எந்த விண்ணப்பமாவது கேட்கிறதா? ஆச்சாரியார் திட்டம் படிப்பைக் குறைத்தது, இது படிப்போடு வேலையைக் கூட்டுகிறது. அது பத்து வயதுப் பாலகனைப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பியது. இதுவோ பதினெட்டு வயது இளைஞனை, அவன் தகப்பன் கண்டிராத இடத்துக்கு அழைத்துச் செல்கிறது. இரண்டும் ஒன்றென்பார், பாம்பையும் கயிற்றையும் ஒரே கையால் பிடிக்கட்டும்!

நம் நாட்டில் என்ன நிலை? பொறியியல் மாணவனுக்குத் தொழிற்பயிற்சி வேண்டும், 600 முதல் 700 மணி நேரம் வேண்டும் என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நெறிமுறை வகுத்தது. நல்லது. ஆனால் தேடுவது யார்? பெரும்பாலும் மாணவனே. மாமன் மேலாளராக இருக்கும் பையனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் வேலை முடிந்தது. தறிநெய்பவர் மகள் எந்த மாமனை அழைப்பாள்? கூலியில்லாத பயிற்சிக்கு அவள் ஒப்பினாலும், ஊர்விட்டு ஊர் வந்து தங்கும் செலவை யார் தருவது? பணம் கட்டினால் பயிற்சிச் சான்று தரும் கடைகள் முளைத்ததன் காரணம் விளங்குகிறதா?

1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1973இல் பட்டதாரிப் பொறியாளரையும் அதிலே சேர்த்தார்கள். ஆனால் அது பட்டம் வாங்கிய பிறகு. நாம் பேசுவது பட்டத்துக்குள்ளேயே பட்டறை. அதையும் செய்து காட்டிய ஊர் நம்மிடமே உண்டு. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, சாண்ட்விச் என்ற பெயரிலே ஐந்தாண்டுப் பொறியியல் பாடம் நடத்தியது. படிப்பின் இடையிடையே தொழிற்கூட உழைப்பு. ஒரு கல்லூரியால் இயன்றது, பல்கலைக் கழகத்தால் இயலாதா?

2021இல் சட்டமியற்றி, அரசுப் பள்ளி மாணவருக்குப் பொறியியல் கல்லூரியில் 7.5 விழுக்காடு தனி இடம் கொடுத்தோம். கல்லூரி வாயில் திறந்தது. உள்ளே வந்த பிள்ளைக்குத் தொழிற்சாலை வாயிலையும் திறந்துவிடும் அலுவலகம், ஒவ்வொரு பல்கலைக் கழகத்திலும் வேண்டும் என்கிறோம். கூலியோடு, மேற்பார்வையோடு, மாணவன் விருப்பத்தையும் கேட்டு நடக்கும் அலுவலகம். அமர்த்தும் சிறு தொழிற்கூடத்துக்கு அரசின் உதவியும் வேண்டும்.

"நான்கு மாதம் கற்றுக்கொடுத்தால் போய்விடுவானே, எனக்கென்ன பயன்?" என்று அம்பத்தூர்த் தொழிற்பேட்டை முதலாளி கேட்பார், கேட்க உரிமையுண்டு. அவருக்கு 1906ஆம் ஆண்டே விடை சொல்லிவிட்டது. ஒருவனைக் கேட்காதீர், இருவரைக் கேளுங்கள். ஒருவன் வகுப்புக்குத் திரும்பும் நாளில் மற்றவன் உங்கள் வாயிலில் நிற்பான்.