உணராத காலுக்கு எந்தச் செருப்பு?

யாழ்ப்பாணம் நவீன சந்தைப் பக்கத்தில் எந்தச் சப்பாத்துக் கடைக்குள் நுழைந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும்.

"போட்டுப் பாருங்கோ அம்மா. கடிக்குதோ?"

"கொஞ்சம் இறுக்கமாத்தான் கிடக்குது, தம்பி."

"அது போடப் போட விட்டுக்குடுக்கும்."

அம்மா காசை எண்ணிக் கொடுப்பார். வியாபாரம் முடிந்தது. ஆனால் இந்த மூன்று வரியில் இரண்டு பிழை இருக்கிறது. அசல் தோல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், உண்மைதான். இன்று அதிகம் விற்பனையாகும் செயற்கைத் தோலும் பிளாஸ்டிக்கும் அனேகமாக விட்டுக்கொடுப்பதில்லை. விட்டுக்கொடுப்பது கால்தான். இரண்டாவது பிழை இதைவிடப் பெரியது. "கடிக்குதோ" என்று கேட்டால் கால் சரியான பதில் சொல்லும் என்று இருவருமே நம்புகிறார்கள். அம்மாவுக்குப் பத்து வருடமாகச் சலரோகம் என்றால் அந்தக் காலின் பேச்சை நம்ப முடியாது.

சலரோகம் நரம்புகளைக் கெடுக்கத் தொடங்கும்போது நீளமானவற்றில்தான் முதலில் கைவைக்கும். உடம்பில் மிக நீளமான நரம்புகள் இடுப்புப் பகுதியிலிருந்து கால்விரல் நுனிவரை ஓடுபவை. அதனால் விறைப்பு விரல்களில் ஆரம்பித்து, காலுறை ஏறுவதுபோல மெல்ல மேலே ஏறும். பலருக்கு வலி இருக்காது, ஆகவே வருத்தம் இருப்பதே தெரிவதில்லை. இதில் ஒரு விசித்திரம் உண்டு. பாதி மரத்த காலுள்ளவருக்குச் சரியான அளவுச் செருப்பைக் கொடுத்தால் "லூசாக் கிடக்கு" என்பார். அழுத்தினால்தான் செருப்பு காலில் இருப்பதே அவருக்குப் புரியும். எனவே ஓர் அளவு சின்னதாகத் தேடி வாங்கிப் போவார். இலங்கையில் வயதுவந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் சலரோகம் இருக்கிறது. குடாநாட்டில் அது இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இறுக்கமான செருப்பு என்ன செய்கிறது? தோலுக்கடியில் உள்ள நுண்குழாய்களில் இரத்தத்தின் அழுத்தம் மிகக் குறைவு. சின்னிவிரலின் பக்கத்தில் செருப்பின் விளிம்பு இலேசாக அழுத்தினாலே அவை மூடிக்கொள்ளும். உணர்வுள்ளவர் கொஞ்ச நேரத்திலேயே செருப்பைக் கழற்றி விரலைத் தேய்த்துவிடுவார். உணர்வில்லாதவர் காலையில் போட்டதைப் பின்னேரம்தான் கழற்றுவார். அதற்கிடையில் இரத்தம் போகாத தோல் செத்துவிடும். இது ஒரு வழி. உள்ளங்காலின் முன்பக்க எலும்புமுனையில் அடிக்கு அடி விழும் நடுத்தர அழுத்தம் இன்னொரு வழி. அங்கே தோல் தடித்துக் காய்ப்பு ஏறும். காய்ப்பே கல்லாகி உள்ளிருக்கும் சதையை நசுக்கும். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே புண் பழுக்கும். ஆணியோ போத்தல் ஓடோ நேரே குத்துவது மூன்றாவது. மூன்றிலும் நாம் பயப்படுவது கடைசி வழிக்குத்தான். ஆனால் முதலிரண்டுக்கும் காரணம் நாமே காசு கொடுத்து வாங்கிய செருப்பு.

இந்த மூன்று வழிகளையும் பிரித்து விளக்கியவர் போல் பிராண்ட். 1914இல் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த சத்திரசிகிச்சை நிபுணர். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்விழந்த காலையும் கையையும் நோயாளி அறியாமலே காயப்படுத்திக்கொள்கிறார் என்பதை நிறுவியவர். மருந்து கொடுத்துப் புண்ணை ஆற்றினால் மட்டும் போதாது, மறுபடி புண் வராத செருப்பும் கொடுக்க வேண்டும் என்று சப்பாத்துத் தைப்பவர்களோடு உட்கார்ந்து வேலை செய்தார். மைக்ரோசெல்லுலார் ரப்பர் என்ற, நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற தட்டை உள்ளடியாக வைத்த செருப்பு அந்த வேலையில் உருவானது. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றும் வைத்தியசாலைகளில் சொல்வது அதைத்தான்.

அவருக்கும் முன்னால் ஒருவர் இருந்தார். அவர் நம் நாட்டவர் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் சத்திரசிகிச்சைப் பேராசிரியராக விளங்கிய மில்ரோய் போல், 1930களிலேயே தொழுநோயாளரின் உள்ளங்கால் புண்களுக்குக் காலோடு ஒட்டிய பிளாஸ்டர் கட்டு போட்டு, அவர்களைப் படுக்க வைக்காமல் நடக்கவிட்டார். கட்டு பாதம் முழுவதையும் தொட்டுக்கொண்டிருப்பதால் உடலின் பாரம் ஒரே புள்ளியில் விழாமல் பரவியது; புண் ஆறியது. பிராண்ட் இந்த முறையை 1960களில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அது சலரோகப் புண்களுக்குப் பரவி, இன்று உலகெங்கும் முதல்தர சிகிச்சையாக எண்ணப்படுகிறது. பாரத்தைப் பரப்பு என்பதே இதன் சாரம். நல்ல செருப்புக்கும் அதைத் தவிர வேறு இலக்கணம் கிடையாது.

இனிக் கடைக்கு வருவோம். கால் சொல்வதை நம்பாமல் அளவை நம்புவது எப்படி?

மாலையில் போங்கள். பகல் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். செருப்பு அந்தக் காலுக்கும் பொருந்த வேண்டும். போவதற்கு முன் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. பழைய பத்திரிகை ஒன்றைச் சீமெந்துத் தரையில் விரித்து, அதன்மேல் எழும்பி நில்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் பாதம் முழுதாக விரியாது. இன்னொருவர் பென்சிலை நேர்க்குத்தாகப் பிடித்து உங்கள் பாதத்தைச் சுற்றி வரைய வேண்டும். பென்சில் முனை உள்பக்கம் போனால் கால் இருப்பதைவிட ஒடுங்கித் தெரியும். இரண்டு காலையும் வரையுங்கள், இரண்டும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம். பெரிய காலின் வடிவத்தை வெட்டியெடுத்து, கடையில் செருப்பின் உள்ளடிமேல் வைத்துப் பாருங்கள். கடதாசி விளிம்பைத் தாண்டி எங்காவது வழிந்தால் அந்தச் செருப்பு உங்களுக்கானதல்ல. மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு சென்ரிமீற்றர் அளவாவது இடம் மிஞ்ச வேண்டும். மிக நீண்டது பெருவிரலாகத்தான் இருக்கும் என்றில்லை. பலருக்கு அடுத்த விரல் நீளம்.

கடைக்காரர் சொல்லும் நம்பர் நீளத்தை மட்டுமே சொல்கிறது. நம் ஊரில் புழங்கும் ஆங்கிலேய அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 8.5 மில்லிமீற்றர். ஐரோப்பிய அளவில் அது 6.7 மில்லிமீற்றர் மட்டுமே. அகலத்தைப் பற்றி இரண்டுமே வாய் திறப்பதில்லை. நம் ஆட்களுக்குச் சிக்கல் பெரும்பாலும் அகலத்தில்தான். வெறுங்காலோடு வளர்ந்தவர்களின் முன்பாதம் அகன்று விரிந்திருக்கும் என்பதைத் தென்னிந்தியாவில் செய்த அளவீடுகள் காட்டியிருக்கின்றன. ஒடுங்கிய அச்சில் தைத்த சப்பாத்துக்குள் அந்தக் காலைத் திணித்தால் பெருவிரல் மற்ற விரல்களின் பக்கம் சாயும், சின்னிவிரலில் ஆணி வளரும்.

வாங்குமுன் சப்பாத்தை இரு கையாலும் பிடித்து மடக்கிப் பாருங்கள். விரல்கள் மடியும் இடத்தில் அது மடிய வேண்டும். நடுவில் மடிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். குதிக்காலைச் சுற்றியுள்ள பகுதியைப் பெருவிரலால் அழுத்தினால் சுலபத்தில் நசுங்கக் கூடாது. மரத்த காலுக்கு வாங்குவதென்றால் மேலும் சில: பின்பட்டி இருக்க வேண்டும், உள்ளடி மெத்தென்றும் வெளியடி முள் தைக்காதபடி உறுதியாகவும் இருக்க வேண்டும், எங்கும் ஆணி அடித்திருக்கக் கூடாது. இந்தக் கணக்கில் நம் வீடுகளின் அரசனான பாட்டா தேறாது. விரலிடுக்கில் வார், மெல்லிய அடி, பின்பட்டி இல்லை. அது கழன்று விழாதிருக்க விரல்கள் ஒவ்வொரு அடியிலும் அதைக் கவ்விப் பிடிக்கின்றன. இந்த மாதிரிச் செருப்பில் நடப்பவர்களின் எட்டு சுருங்குவதை அமெரிக்காவின் ஓபேர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் அளந்து காட்டினார்கள். கிணற்றடிக்குப் போய்வர அது போதும். ஒரு நாள் முழுக்க நிற்கும் கடை ஊழியருக்கும் ஆசிரியைக்கும் போதாது. காலையில் எழும்பி முதல் அடி வைக்கும்போது குதிக்காலில் சுளீரென்று குத்தும் குதிவாதத்துக்கு, சீமெந்துத் தரையும் தேய்ந்த செருப்பும் சேர்ந்து பெரும் பங்களிக்கின்றன.

அப்படியானால் எல்லோரும் வீட்டுக்குள்ளும் சப்பாத்தோடு திரிய வேண்டுமா? பிள்ளைகளைப் பொறுத்தவரை கதை நேரெதிர். கர்நாடகத்தில் ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 2300 பிள்ளைகளைப் பரிசோதித்து 1992இல் முடிவை வெளியிட்டார்கள். செருப்பு, சப்பாத்து அணிந்தவர்களில் 8.6 வீதத்தினருக்குத் தட்டைப்பாதம். வெறுங்காலோடு திரிந்தவர்களில் 2.8 வீதம்தான். மூடிய சப்பாத்துப் போட்டவர்களிடம் அது இன்னும் கூடுதல். ஆகவே பாடசாலைச் சப்பாத்தைப் பாடசாலையோடு நிறுத்தி, முற்றத்து மணலில் பிள்ளையை ஓடவிடுங்கள். "அடுத்த வருசமும் போடலாம்" என்று இரண்டு நம்பர் பெரிதாக வாங்கிப் பஞ்சு அடைக்கும் பழக்கத்தை மட்டும் விடுங்கள். சப்பாத்துக்குள் கால் முன்னும் பின்னும் வழுக்கினால் கொப்புளந்தான் மிச்சம்.

வெறுங்காலை மதித்த பொறியியலும் உண்டு. 1968 அளவில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ரப்பர் பாதம், சப்பாத்தில்லாமலே நடக்கவும், குந்தவும், சம்மணமிடவும், சேற்று வயலில் இறங்கவும் ஏற்றது. அன்றைய மேல்நாட்டுச் செயற்கைக் காலுக்குச் சப்பாத்து கட்டாயமாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குள் எப்படிப் போவது? 1987 முதல் யாழ்ப்பாணத்தில் இயங்கும் ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையம் அந்தப் பாதத்தைத்தான் இங்கே கொண்டுவந்தது. ஒரு காலத்தில் மிதிவெடியில் கால் இழந்தவர்கள் ஏறிய படியில் இன்று சலரோகத்தால் கால் இழந்தவர்களும் ஏறுகிறார்கள்.

பராமரிப்பு பெரிய வித்தையல்ல. போடுமுன் செருப்பைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையைவிட்டுத் தடவிப் பாருங்கள். உள்ளே கிடக்கும் குறுணிக்கல்லைக் கால் சொல்லாது, கை சொல்லும். மாரியில் நனைந்த சப்பாத்துக்குள் கடதாசியைத் திணித்து நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் பசை விடும், மெத்தை அடி சுருங்கும். புதுச் செருப்பை முதல் நாளே முழு நாளும் போடாமல், ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றிப் பாதத்தில் எங்கே சிவந்திருக்கிறது என்று பாருங்கள். சிவப்பு விரைவில் மறையாவிட்டால் செருப்பை மாற்றுங்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் போகும் நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் ஆவணி வெயிலோடு வருவது. நண்பகல் தார்வீதியின் சூடு 60 பாகை செல்சியஸை எட்டக்கூடும். அந்தச் சூட்டில் தோல் வேகச் சில விநாடி போதும். உணர்வுள்ளவர் துள்ளி நிழலுக்கு ஓடுவார். உணர்வில்லாதவர் கந்தனை நினைத்தபடி நின்றிருந்துவிட்டு, இரவில் கொப்புளத்தைக் கண்டுதான் அறிவார். காலைப் பூசைக்குப் போங்கள், அல்லது வெயில் தாழ்ந்த பின் போங்கள். வீடு வந்ததும் உள்ளங்காலைப் பிள்ளைகளிடம் காட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சலரோகம் உள்ளவர்கள் அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது சீனி அளவை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். செருப்பைக் கழற்றி, "டொக்டர், என்ர காலில உணர்வு இருக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்று கேளுங்கள். நைலோன் இழை ஒன்றால் தொட்டுப் பார்க்கும் அந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது.