கறுப்பு அங்கிக்கு முந்தைய ஆண்டுகள்

தமிழ்நாட்டில் சட்டம் பயில்வோருக்கான உதவிகள் பல துறைகளிலும் தீர்ப்புகளிலும் சிதறிக் கிடப்பதால், அவை எவருக்கு மிகவும் தேவையோ அவருக்கே, அதாவது குடும்பத்தில் முதன்முதலாகச் சட்டக் கல்லூரிக்குள் நுழைபவருக்கே, கடைசியாகத் தெரியவருகின்றன.

படிக்கும் காலத்துச் செலவைப் பொறுத்தவரை நிலைமை ஓரளவு தேவலாம். தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கும் 2021ஆம் ஆண்டுச் சட்டம் சட்டப் படிப்பையும் உள்ளடக்கியது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் வழி மாதந்தோறும் 1,000 ரூபாயும் கிடைக்கிறது. சொத்துப் பிணையமின்றி 7.5 லட்சம் ரூபாய் வரை கல்விக் கடன் பெற, அரசின் கடன் உறுதித் திட்டம் வழிசெய்கிறது. இத்தகைய கடனுக்குப் பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை.

சிக்கல் அந்த ஓராண்டுக்குப் பிறகுதான் முற்றுகிறது. பொறியியல் பட்டதாரிக்கு வேலை கிடைத்ததும் மாதச் சம்பளம் வரத் தொடங்கும். ஜூனியராக, அதாவது மூத்த வழக்குரைஞரின் அலுவலகத்தில் தொழில் பழகுபவராகச் சேரும் சட்டப் பட்டதாரிக்கோ வண்டிச் செலவுக்கும் போதாத தொகையே பல இடங்களில் கிடைக்கிறது. உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வழக்குரைஞர் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்ததால், நீதித்துறைப் பணியை நம்பியிருப்போரும் இந்த வறண்ட காலத்தைக் கடந்தாக வேண்டும். நீதிபதிகளிடம் சட்ட எழுத்தராகப் பணியாற்றுவதும் அனுபவமாகக் கொள்ளப்படும் என்று அதே தீர்ப்பு கூறுவதை மாணவர்கள் கவனித்துக்கொள்வது நல்லது.

நீதிமன்றங்கள் வேறு சில சுமைகளைக் குறைத்துள்ளன. வழக்குரைஞர்களைப் பதிவுசெய்யும் மாநிலப் பார் கவுன்சில்கள் முன்பு பல்லாயிரம் ரூபாய் வசூலித்துவந்த நிலையில், பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாயையும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 125 ரூபாயையும் தாண்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய மாதம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் ஏனைய ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக வழங்கப்பட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. இது பெரிதும் வரவேற்கத்தக்கது. ஆயினும் தொழில் கற்றுத்தரும் சீனியர் மீதே புகார் கொடுக்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும் என்பதை எண்ணிப் பார்த்தால், கண்காணிக்கும் பொறுப்பைப் பார் கவுன்சில் தானே ஏற்பதுதான் நியாயம்.

கடனும் நிச்சயமற்ற வருவாயும் தூக்கத்தைக் கெடுக்கும்போது அது மனநலப் பிரச்சினையாகவும் மாறுகிறது. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ பயிலும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறை சட்டக் கல்லூரிகளுக்கும் பொருந்தும். ஆலோசகரிடம் பேசினால் செய்தி பரவி, பின்னாளில் தொழிலைப் பாதிக்குமோ என்று அஞ்சுவோர், சிகிச்சை விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாகவே வழங்கியிருப்பதை அறிய வேண்டும். கல்லூரிக்குள் பேசத் தயங்குபவர்கள், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.