சேமலாபக் கணக்கை எப்போது பார்ப்பது?

பஞ்சிகாவத்தையில் எனது கடையில் 22 வருடங்கள் வேலை பார்த்த நானா ஒருவர் 2023 ஆம் ஆண்டில் 55 வயதைப் பூர்த்தி செய்து வேலையிலிருந்து விலகினார். வீட்டுக் கூரையை மாற்ற வேண்டும், மீதியை ஒரு பக்கத்தில் வைக்க வேண்டும் என்று சேமலாபப் பணத்தையே நம்பியிருந்தார். ‘கே’ படிவத்தை நிரப்பிக் கொடுத்தோம். சில வாரங்களின் பின் அவர் கடைக்கு வந்து, “முதலாளி, எனது கணக்கில் 7 மாதப் பணத்தைக் காணவில்லையாம்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மாதம்கூடத் தவறாமல் பணம் கட்டியவன் நான். பழைய பெட்டிகளைக் கிளறி 2003 ஆம் ஆண்டுக்குரிய ‘சி’ படிவப் பிரதிகளை எடுத்துப் பார்த்தபோதுதான் விடயம் விளங்கியது. அந்த 7 மாதங்களிலும் அவரது அடையாள அட்டை இலக்கத்தில் 3 இருக்க வேண்டிய இடத்தில் 8 என்று எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் எமது கணக்கப்பிள்ளை. கையொப்பமிட்டவன் நான். கணக்கப்பிள்ளை இன்று உயிருடன் இல்லை. ஆகவே பிழை என்னுடையது.

கடிதம், சத்தியக் கடதாசி, பிரதிகள் என்று அலைந்து பணம் கைக்கு வர மாதக்கணக்கில் சென்றது. அதற்குள் ஒரு மழைக்காலம் வந்து போய்விட்டது. அந்தக் கூரையின் கீழ் அவர் குடும்பம் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. 20 வருடங்களில் ஒரு முறையாவது அவரோ நானோ அந்தக் கணக்கைப் பார்த்திருந்தால் அரை நாளில் முடிந்திருக்கக்கூடிய காரியம் அது.

அரசாங்க உத்தியோகத்தருக்கு எமக்குப் பக்கத்திலுள்ள மாளிகாவத்தையில் ஓய்வூதியத் திணைக்களம் இருக்கிறது. கடையிலும் கம்பனியிலும் வேலை செய்பவருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவருக்கு இருப்பது 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த ஊழியர் சேமலாப நிதியமும், 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியமும்தான். நாம் ஈ.பி.எப்., ஈ.டி.எப். என்று சொல்பவை இவையே. இவை இரண்டும் மாதாமாதம் முதலாளியின் கையால் நிரம்ப வேண்டிய உண்டியல்கள்.

கணக்கு இலேசானது. சம்பளம் 50,000 ரூபா என்றால் தொழிலாளியிடமிருந்து 8 வீதம், அதாவது 4,000 ரூபா கழிக்கப்படும். முதலாளி 12 வீதம், அதாவது 6,000 ரூபா சேர்க்க வேண்டும். ஆக மாதம் 10,000 ரூபா சேமலாப நிதிக்குச் செல்ல வேண்டும். இதற்கு மேல் 3 வீதம், 1,500 ரூபாவை முதலாளி ஈ.டி.எப்.இற்குத் தமது பணத்திலிருந்தே கட்ட வேண்டும். இதைச் சம்பளத்தில் கழிப்பது தவறாகும். கடையில் ஒரேயொருவர் வேலை செய்தாலும் இச்சட்டம் பொருந்தும்.

சேமலாப நிதியில் இரண்டு திணைக்களங்கள் சம்பந்தப்படுவதால் பலர் குழம்பிப் போகின்றனர். பணத்தைப் பொறுப்பில் வைத்திருப்பது மத்திய வங்கி. பதிவு, விண்ணப்பம், முறைப்பாடு ஆகியவற்றைக் கவனிப்பது தொழில் திணைக்களம். மத்திய வங்கியின் இணையத்தள வசதிக்குத் தம்மைப் பதிவு செய்துகொண்ட அங்கத்தவர் தமது மீதியை வீட்டிலிருந்தே பார்க்கலாம். கணினி தெரியாது என்று பின்வாங்க வேண்டியதில்லை. எமது பிள்ளைகள் கைத்தொலைபேசியில் செய்யாத வேலையா? மகனையோ மகளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

பார்க்கும்போது மொத்தத் தொகையை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டு மூடிவிடாதீர்கள். கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது அடையாள அட்டை இலக்கம். 2016 ஆம் ஆண்டிலிருந்து 12 இலக்கங்கள் கொண்ட புதிய அட்டை வழங்கப்படுகிறது. பழைய அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும் இருந்தன. அட்டையை மாற்றியவர்கள் இரண்டு இலக்கங்களின் பிரதிகளையும் பத்திரப்படுத்திக்கொள்வது நல்லது.

இரண்டாவது பெயர். எம்மவர் விடயத்தில் இது பெரிய தலையிடி. பிறப்புச் சான்றிதழில் முஹம்மது, அடையாள அட்டையில் மொஹமட், சம்பளப் புத்தகத்தில் மொஹமத், வங்கிப் புத்தகத்தில் வெறும் ‘எம்’ என்ற முதலெழுத்து. ஆள் ஒருவர்தான் என்று எமக்குத் தெரியும். காரியாலயத்தில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? அடையாள அட்டையில் உள்ளபடியே எல்லா இடங்களிலும் எழுதச் செய்யுங்கள்.

மூன்றாவது விடுபட்ட மாதங்கள். சம்பளச் சிட்டையில் 8 வீதம் கழிக்கப்பட்டிருந்து கணக்கில் அந்த மாதம் இல்லையென்றால் முதலில் முதலாளியிடம் மரியாதையாகக் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிட உங்களுக்கு உரிமை உண்டு.

நான்காவது பழைய வேலைகள். கடை மாறும்போது அங்கத்தவர் இலக்கமும் மாறுகிறது. மூன்று கடைகளில் வேலை செய்தவருக்கு மூன்று இலக்கங்கள் இருக்கலாம். அவற்றையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி மனைவி பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். நீங்கள் பெயர் குறித்த பின்னுரித்தாளர் யார் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

சேமலாபப் பணத்தை எடுக்கும் வயது ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50. தனியார் துறையில் ஓய்வுபெறும் ஆகக்குறைந்த வயதை 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் 60 ஆக்கியது. இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 10 வருடங்களுக்கு மேல் அங்கத்தவராக இருந்து, கணக்கில் 3 இலட்சம் ரூபாவுக்குக் குறையாமல் உள்ளவர் வீட்டுத் தேவைக்கோ வைத்தியச் செலவுக்கோ 30 வீதம் வரை முன்கூட்டியே பெறும் வழியும் உண்டு. ஆனால் பதிவில் பிழை இருந்தால் அவசரத்துக்கு அதுவும் உதவாது.

இன்னொரு எச்சரிக்கை. “பணத்தை எடுத்துத் தருகிறேன்” என்று அடையாள அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் கேட்கும் தரகர்களிடம் எதையும் கொடுக்காதீர்கள். கொம்யூனிகேஷன் கடையில் கணக்கைப் பார்த்தால், எழுந்து வருமுன் அதை மூடிவிட்டு வாருங்கள். ‘கே’ படிவத்துக்குத் தரகர் தேவையில்லை.

வியாபாரச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. மாதப் பணத்தை அடுத்த மாத முடிவுக்குள் கட்டிவிட வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி, 12 மாதங்கள் கடந்தால் 50 வீதம் வரை ஏறும். 50 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் விபரங்களைக் கணினி மூலமே அனுப்ப வேண்டும். சிறிய கடைக்காரரும் அம்முறையைப் பழகிக்கொண்டால் என்னைப் போல் பழைய பெட்டிகளைக் கிளற வேண்டி வராது. கணினியிலும் 3 ஐ 8 என்று அடிக்க முடியும் என்பதை மறக்க வேண்டாம். அனுப்பிய பட்டியலைத் தொழிலாளியிடம் காட்டி ஒரு முறை சரிபார்த்துக்கொள்வதில் எமக்கு ஒரு நட்டமும் இல்லை.

தண்டப்பணத்துக்கு மேலான விடயம் ஒன்று உண்டு. தொழிலாளியின் சம்பளத்தில் கழித்த 8 வீதம் எமது பணமல்ல, எம் கையில் இருக்கும் அமானிதம். வியாபாரம் மந்தம் என்று அதை லாச்சியில் போட்டுப் புரட்டுவது எந்த நியாயத்திலும் சேராது.

இப்போது எனது கடையில் வருடத்தில் ஒரு நாள் இதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம். ஒவ்வொருவரும் தத்தம் கணக்கைப் பார்த்து, சம்பளப் புத்தகத்துடன் ஒப்பிட்டுக் கையொப்பமிடுகிறார்கள். கடந்த முறை ஒரு தம்பியின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருப்பது தெரிய வந்தது. அவருக்கு வயது 26. திருத்துவதற்கு இன்னும் 29 வருடங்கள் காத்திருக்கவில்லை, அந்தக் கிழமையே கடிதம் கொடுத்துவிட்டோம்.