தலையில் அடிபட்டவரை "மூளைச் சோதனை"க்கு வரச் சொன்னால்...



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் பின்னேரம், கொழுந்து நிறுவை முடிந்த நேரத்தில், ஒரு அக்கா என்னைத் தேடி வந்தார். கையில் கிளினிக் புத்தகமும் ஒரு கடிதமும் இருந்தன. "சார், எங்க வீட்டுக்காரரை மூளைச் சோதனைக்கு வரச் சொல்லி எழுதியிருக்காங்க. தலையில கரண்ட் வைப்பாங்களா? பைத்தியம்னு எழுதிக் குடுத்துட்டா எங்க கதி என்ன?" என்று கேட்டு அழுதே விட்டார்.

அவருடைய கணவர் கவ்வாத்து வெட்டுகிறவர். மழை நேரத்தில் சறுக்கிக் கானுக்குள் விழுந்து, தலை கல்லில் மோதிவிட்டது. ஒரு வாரம் வைத்தியசாலையில் இருந்தார். காயம் ஆறிவிட்டது. ஸ்கேனிலும் பெரிதாக ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனால் ஆள் பழைய ஆள் இல்லை. கடைக்கு அனுப்பினால் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் பாதி வழியில் திரும்பி வருகிறார். பிள்ளைகள் சத்தம் போட்டால் கை ஓங்குகிறார். மலையில் கங்காணி "சோம்பேறியாகிட்டான்" என்கிறார். லயத்தில் சிலர் பேய் அடித்துவிட்டது, மந்திரிக்க வேண்டும் என்றார்களாம். அடித்தது பேய் இல்லை, கல்.

அந்த அக்காவுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். தலையில் அடிபட்டவர்களுக்கு மட்டுமல்ல, பாரிசவாதம் வந்தவர்கள், வலிப்பு உள்ளவர்கள், வயதாகி மறதி கூடியவர்கள் ஆகியோரையும் இந்தச் சோதனைக்கு அனுப்புவதுண்டு. இதற்கு நரம்பு உளவியல் மதிப்பீடு என்று பெயர். பெயர்தான் பெரிது. ஊசி இல்லை, கரண்ட் இல்லை, இரத்தம் எடுப்பதில்லை. மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பேசுவதும், கேட்டதற்குப் பதில் சொல்வதும், பென்சிலால் வரைவதும்தான்.

ஸ்கேன் எடுத்த பிறகு இது எதற்கு என்று கேட்பீர்கள். ஸ்கேன் மூளையின் உருவத்தைக் காட்டும். அந்த மூளை எப்படி வேலை செய்கிறது என்பதை அது காட்டாது. ரேடியோவின் பெட்டி உடையாமல் இருக்கலாம், ஆனாலும் ஸ்டேஷன் பிடிக்காமல் போகலாம் அல்லவா? அப்படித்தான் இதுவும்.

முதலில் கதை கேட்பார்கள். எப்போது விழுந்தார், எவ்வளவு நேரம் நினைவில்லாமல் இருந்தார், என்ன மருந்து எடுக்கிறார், தூக்கம் எப்படி, குடிப்பாரா என்றெல்லாம் கேட்பார்கள். சாராயத்தை மறைக்க வேண்டாம். குடியும் மறதியைக் கூட்டும். மறைத்தால் வைத்தியர் பிழையான பக்கத்தில் காரணம் தேடுவார்.

பிறகு சோதனை. சில இலக்கங்களைச் சொல்லி அதே வரிசையில் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள், அப்புறம் பின்னாலிருந்து சொல்லச் சொல்வார்கள். ஒரு சின்னக் கதையை வாசித்துவிட்டுச் சொல்லச் சொல்வார்கள். அரை மணித்தியாலம் கழித்து அதே கதையை மறுபடியும் கேட்பார்கள். ஒரு நிமிஷத்துக்குள் எத்தனை மிருகத்தின் பெயர் சொல்ல முடியும் என்று பார்ப்பார்கள். ஒரு படத்தைப் பார்த்து வரைவது, கட்டைகளை அடுக்குவது, இலக்கங்களைக் கோட்டால் இணைப்பது என்று நேரம் போகும். இரண்டு மூன்று மணித்தியாலம் எடுக்கும். சில பேருக்கு இரண்டு நாளாகப் பிரித்தும் வைப்பார்கள். களைத்துப் போனால் ஓய்வு கேட்கலாம், தப்பே இல்லை.

கேள்விகள் போகப் போகக் கஷ்டமாகும். ஒரு கட்டத்தில் பதில் வராது. எல்லாருக்கும் அப்படித்தான், எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். சரியா பிழையா என்று சோதிப்பவர் சொல்லவும் மாட்டார். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இது பாஸ், பெயில் உள்ள சோதனை இல்லை. வீட்டில் வைத்துப் பழக்கி அனுப்பவும் வேண்டாம்.

இப்போது சொல்வதைத்தான் கட்டாயம் கவனிக்க வேண்டும். இந்தச் சோதனைகளில் பல வெளிநாட்டில் உருவானவை. டேவிட் வெக்ஸ்லர் என்பவர் 1939ல் அமெரிக்காவில் வெளியிட்ட சோதனையின் வழி வந்தவை இன்றும் பல நாடுகளில் பாவனையில் உள்ளன. அந்த நாட்டுப் படச் சோதனை ஒன்றில் பனிக்கட்டியால் கட்டிய வீட்டின் படம் இருக்கிறது. நம்ம மலையில் அதை யார் கண்டது? தெரியாவிட்டால் "இதை நான் பார்த்ததே இல்லை" என்று சொல்லிவிடுங்கள். மறந்தது வேறு, அறியாதது வேறு.

படிப்பும் அப்படித்தான். மூன்றாம் வகுப்போடு நின்றவர் மூன்றாம் வகுப்பு என்றே சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு எட்டு என்று சொன்னால், எட்டு படித்தவரோடு ஒப்பிட்டு, இல்லாத குறையை இருப்பதாக எழுதிவிட நேரும். பென்சில் பிடித்துப் பழக்கமில்லை என்றாலும் முதலிலேயே சொல்லுங்கள். கவ்வாத்துக் கத்தி பிடித்த கை அது.

மொழி இன்னொரு சிக்கல். தமிழில் செய்யக்கூடியவர் இருக்கிறாரா என்று திகதி எடுக்கும்போதே கேளுங்கள். இல்லாவிட்டால் மொழிபெயர்க்க ஒருவரை வைத்துத்தான் செய்ய வேண்டி வரும். அவர் கேள்வியை அப்படியே சொல்ல வேண்டும், பதிலையும் அப்படியே சொல்ல வேண்டும். இரக்கப்பட்டு எடுத்துக் கொடுத்தால் சோதனை கெட்டுப் போகும். மனைவிமாருக்கும் இதைத்தான் சொல்கிறேன், அவருக்காக நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள். உங்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள், அப்போது எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள்.

போகும் நாளில் நன்றாகத் தூங்கிச் சாப்பிட்டுப் போகட்டும். மூக்குக் கண்ணாடி, கிளினிக் புத்தகம், மருந்துகள், அடையாள அட்டை எல்லாம் கையோடு இருக்கட்டும். மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது.

அறிக்கை அன்றைக்கே கிடைக்காது. வந்தாலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். வைத்தியரிடம் விளக்கம் கேளுங்கள், அது உங்கள் உரிமை. வேலை நேரத்தில் அடிபட்டவருக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. அதற்கு மற்ற வைத்தியச் சான்றுகளோடு இந்த அறிக்கையும் துணையாக வரும். ஆகவே ஒரு பிரதி எடுத்து, நனையாமல் பத்திரமாக வையுங்கள்.

அந்த அண்ணன் போய் வந்துவிட்டார். "கவ்வாத்து வெட்டினதை விடக் களைப்பு சார்" என்றார். அவருக்கு ஞாபகம் அவ்வளவு மோசமில்லை, கவனம்தான் சிதறுகிறது, ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தைப் பிடிக்க முடியவில்லை என்று அறிக்கையில் வந்திருக்கிறது. இப்போது அக்கா அவரைக் கடைக்கு அனுப்பும்போது ஒரு சாமான் மட்டும் சொல்கிறார். இரண்டாவது சாமானுக்குத் துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துவிடுகிறார். ஆறு மாதம் கழித்து மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.